மேலிருந்து கீழே வந்த முகம்

முதலில் உச்சி தெரியும். நடு வகிடு, இரண்டு பக்கமும் எண்ணெய் வைத்துப் படிய வாரிய முடி. பிறகு படம் அப்படியே நின்றுவிடும். மொடெம் பெட்டியின் பச்சை விளக்கு சிமிட்டிக்கொண்டிருக்கும். நெற்றி வரும், சின்னக் கறுப்புப் பொட்டு வரும், புருவம் வரும். கண் வருவதற்குள் மாமி பிளாஸ்டிக் கதிரையின் நுனிக்கு வந்துவிடுவா. மூக்கு, வாய், நாடி, கடைசியில் பள்ளிக்கூடத்துக் கழுத்துப்பட்டி. முழு முகமும் இறங்கி முடியும்வரை மாமி மூச்சு விட்டதாக எனக்கு நினைவில்லை.

மாமி என் அப்பாவின் தங்கை. சல்லிக் கிராமத்தில் கருவாடு போட்டுத் திருகோணமலைக்குக் கொண்டுவந்து விற்றவ. நான் அப்போது உட்துறைமுக வீதியில், கிண்ணியாவைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் நானாவின் கொமினிக்கேசன் கடையில் வேலை செய்தேன். வெளிநாட்டுக்குக் கோல் எடுக்க வருபவர்கள்தான் அதிகம். மூலையில் மூன்று கொம்பியூட்டர். வெள்ளிக்கிழமை சந்தை முடிந்ததும் மாமி வெறுங்கூடையோடு வருவா. கடையில் இருப்பவர்கள் மூக்கைச் சுளிப்பார்கள். நானா ஃபானைக் கூட்டிவிட்டு, "உங்கட மாமி வந்தா கனடாவுக்கும் கருவாடு மணக்கும்" என்பார். மாமியும் விடமாட்டா. "மணந்தால் அங்கயிருந்து ஓடர் வரும், உங்களுக்குத்தானே ஆதாயம்" என்பா.

படத்தில் இருந்தது மாமியின் ஒரே மகள், என் மச்சாள். உயர்தரம் படித்துக்கொண்டிருந்தவள் ஒரு நாள் வகுப்புக்குப் போய்த் திரும்பி வரவில்லை. இயக்கத்துக்குப் போய்விட்டாள் என்று பிறகு தெரிந்தது. எங்கள் இரண்டு பேருக்கும் கலியாணம் முடித்துவைப்பதாக வீட்டில் கதைத்து வைத்திருந்தார்கள். அதைப்பற்றி நானும் அவளும் ஒரு வார்த்தைகூடக் கதைத்ததில்லை. அதற்கு மேல் எழுத அதில் ஒன்றும் இல்லை.

வீட்டில் இல்லாத ஆளின் படம் வீட்டில் இருந்தால் ஆமியின் சுற்றிவளைப்பில் பதில் சொல்ல வேண்டும். யார் இது, எங்கே போனது, ஏன் போனது. அதனால் பிள்ளை போனதும் தாய்மார் படங்களை அடுப்பில் வைத்தார்கள். குடும்பப் படத்தில் அந்த ஒரு முகத்தை மட்டும் வெட்டி எரித்தவர்களையும் எனக்குத் தெரியும். மாமியும் எரித்தா. அடையாள அட்டைக்கு எடுத்த ஒரு படத்தை மட்டும் எரிக்க மனம் வரவில்லை. அதைக் கோயில் திருநீற்றுக் கடதாசிக்குள் மடித்து, சோதனைச் சாவடி தாண்டி, கடைக்குக் கொண்டுவந்தா. கொண்டுவந்து, "இதை எங்கயாவது வை" என்றா.

கடை மெசினில் வைக்க ஏலாது. அது நானாவின் சட்டம். "மெசினில ஒண்டும் வெக்காதீங்க தம்பி. மெசினத் தூக்கினா நம்மளையும் சேத்துத்தான் தூக்குவானுகள்" என்பார். ஒவ்வொரு நாளும் கடை பூட்டுமுன் எல்லாவற்றையும் அழித்துவிட்டுத்தான் போவோம். புளொப்பியில் போட்டுத் தரவா என்று மாமியைக் கேட்டேன். அதுவும் வீட்டில் அகப்படும் சாமான்தான், வேண்டாம் என்றா. அப்போது சும்மா கிடைத்த ஒரு வசதி இருந்தது. வெளிநாட்டுக் கொம்பனி ஒன்று, கேட்டவனுக்கெல்லாம் இணையத்தில் இலவசமாகப் பக்கம் கட்ட இடம் கொடுத்தது. நான் ஏற்கெனவே கிரிக்கெட் பற்றி ஒரு பக்கம் கட்டியிருந்தேன். படத்தை ஸ்கேன் பண்ணி, பெயர் ஊர் ஒன்றும் போடாமல், சுற்றிவர றோசாப்பூவும் மின்னுகிற நட்சத்திரமும் ஒட்டி ஒரு பக்கம் செய்தேன். யாராவது பார்த்தால் எவனோ காதல் கிறுக்கன் என்று நினைக்கட்டும்.

"இப்ப இது எங்க போகுது?"

"அமெரிக்காவில இருக்கிற ஒரு கொம்பனியின்ர கொம்பியூட்டருக்கு, மாமி."

"அங்க ஆமி வந்து தேடுமோ?"

"வராது."

"அப்ப அங்க இருக்கட்டும்."

பிறகு மாமி நானாவிடம் நெருப்புப்பெட்டி வாங்கிக் கொண்டு கடைக்குப் பின்னால் போனா. திரும்பி வரும்போது கையில் திருநீறு மட்டும் இருந்தது. கொஞ்சம் நெற்றியில் பூசிக்கொண்டா. என் நெற்றியிலும் பூசினா.

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைகளில் மச்சாள் அமெரிக்காவிலிருந்து வந்தாள். மேலிருந்து கீழே, கோடு கோடாக. நடுவில் லைன் விழுந்தால் நெற்றியோடு நின்றுவிடுவாள். நான் திரும்ப டயல் பண்ணுவேன். மாமி ஒருநாளும் அலுத்துக்கொண்டதில்லை. சமாதான காலத்தில் ஊருக்கு வேகமான இணைப்பு வந்தது. நானா கடைக்கு வெளியே பெரிய பலகை எழுதி வைத்தார். அந்த வெள்ளிக்கிழமை நான் பெருமையோடு மாமியை இருத்தி முகவரியை அடித்தேன். கண் மூடித் திறப்பதற்குள் முழுப்படமும் விழுந்தது. மாமியின் முகம் சுருங்கிவிட்டது. "முந்தி வந்துகொண்டிருப்பாள். இப்ப வந்து நிக்கிறாள்" என்றா. கொஞ்சம் மெதுவாக விடச் சொல்ல ஏலாதோ என்றும் கேட்டா. நானா சிரித்தார், நானும் சிரித்தேன்.

அந்த நாட்களில் கடையில் கலர் பிரின்டர் இருந்தது. சமாதானம்தானே, ஒரு பிரதி எடுத்துத் தரட்டுமா என்றேன். மாமி என்னை ஒரு மடையனைப் பார்ப்பதுபோலப் பார்த்தா. "இந்தச் சமாதானத்தை நம்பியோ? அங்கயே இருக்கட்டும். அங்கதான் பத்திரம்." சமாதானத்தைப் பற்றி மாமி சொன்னது சரியாகப் போயிற்று. திரும்பச் சண்டை தொடங்கியது. ஷெல் சத்தத்தில் கடை பூட்டியே கிடந்தது, மாதக்கணக்கில் லைன் இல்லை. பக்கம் கட்டும்போது நான் கொடுத்த இலவச மின்னஞ்சல் முகவரி, திறக்காமல் கிடந்ததால் தானாக மூடப்பட்டது. பிறகு அந்தக் கொம்பனி தன் சேவையை நிறுத்த முடிவெடுத்தபோது அறிவித்தலை அந்த முகவரிக்குத்தான் அனுப்பியிருக்கும். நாங்கள் முன்கூட்டியே சொன்னோம் என்று அவர்கள் சொல்வார்கள். சொல்லட்டும். ஷெல்லுக்குப் பயந்து பதுங்குகுழிக்குள் இருந்தவன் மெயில் பார்க்கவில்லை என்பது அவர்களுடைய கணக்கில் வராது.

கடை திரும்பத் திறந்து, லைனும் வந்த பிறகு மாமி ஒரு வெள்ளிக்கிழமை வந்தா. இளைத்திருந்தா. நான் முகவரியை அடித்தேன். திரை வெள்ளையாகவே நின்றது. மாமி கதிரையின் நுனிக்கு வந்தா. வேகமான லைன் வந்ததிலிருந்து அவ அப்படி இருந்து நான் பார்க்கவில்லை. முகத்தில் ஒரு சிரிப்பு.

"லைன் பழையபடி ஆகிட்டுது போல. அவசரமில்லைத் தம்பி, ஆறுதலா வரட்டும்."

மூக்குக்கண்ணாடியைச் சேலைத் தலைப்பால் துடைத்துப் போட்டுக்கொண்டு, உச்சி தெரியப்போகிற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தா. உச்சி வரவேண்டிய இடத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது. என்ன எழுதியிருக்கு என்று கேட்டா. சொன்னேன்.

"ஆமியோ?"

"இல்லை மாமி. கொம்பனி மூடிட்டாங்கள்."

"ஏன்?"

லாபம் இல்லையாம் என்று பிறகு எங்கோ வாசித்தேன். அதை நான் மாமியிடம் சொல்லவில்லை.

சண்டை முடிந்தபின் காணாமல்போனவர்களைப் பற்றி விசாரிக்க ஆட்கள் வந்தார்கள். தாய்மார் வரிசையில் நின்றார்கள். எல்லோர் நெஞ்சிலும் ஒரு படம். வெறுங்கையோடு நின்றது என் மாமி மட்டும்தான். எரித்த மற்றத் தாய்மாரெல்லாம் பள்ளிக்கூடத்திலோ சொந்தக்காரரிடமோ தேடி ஏதோ ஒன்றைக் கண்டுபிடித்திருந்தார்கள். மச்சாள் படித்த பள்ளிக்கூடத்திலும் எங்கள் சொந்தக்காரரிடமும் ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை. மேசையில் இருந்தவர் படம் எங்கே என்று கேட்டார். "இன்டர்நெட்டில இருந்தது" என்றா மாமி. அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அடுத்த வருடங்களிலும் அந்த வரிசைகளுக்கு மாமி போனா. படம் இல்லாமலே போனா, இல்லாமலே செத்தும் போனா.

இப்போது என் கையில் ஒரு போன் இருக்கிறது. என்றோ சாப்பிட்ட கொத்துரொட்டியின் படத்தைக் காலையில் எடுத்து நீட்டி, உங்கள் நினைவு என்கிறது. எனக்கு வேண்டாத எல்லாவற்றையும் இந்தக் கொம்பனிக்காரன்கள் வைத்திருக்கிறான்கள். அழித்தாலும் போகாது என்று இளசுகள் சொல்கிறார்கள். சிரிப்பு வரவில்லை. பழைய பக்கங்களைச் சேர்த்து வைத்திருக்கும் இடங்களிலும் தேடிப் பார்த்துவிட்டேன். றோசாப்பூவும் நட்சத்திரமும் ஓரிடத்தில் கிடைத்தன. நடுவில் படம் இருந்த இடத்தில் வெறும் கட்டம்.

இப்போது படங்கள் கோடு கோடாக இறங்குவதில்லை. முழுதும் மங்கலாக வந்து பிறகு தெளிகின்றன. என் மச்சாள் மட்டும் இன்னும் பழைய லைனில்தான் வருகிறாள். கண்ணை மூடினால் உச்சி தெரிகிறது. நெற்றி, பொட்டு, புருவம், கண். மூக்கு வரைக்கும் வருகிறாள். அதற்குக் கீழே வெள்ளை. நான் கதிரையின் நுனியில் இருக்கிறேன்.