கோலாலம்பூருக்குப் போகும் பணம்

டிசம்பர் 1964, சிங்கப்பூர் மலேசியாவோடு இணைந்த மறு ஆண்டு. இன்று சிராங்கூன் சாலையில் ஏலக்காய் வாங்கப் போனேன். கடைக்கார பாய் பத்திரிகையைக் காட்டிப் பொருமினார்.

"பாருங்க டீச்சர், சிங்கப்பூர் வரிப்பணத்துல கோலாலம்பூர் இன்னும் கூடுதலா பங்கு கேக்குது. நம்ம காசைக் குடுத்துட்டு நாமளே போய்க் கெஞ்சணும்!"

"மகளைப் பார்க்க ஊருக்கு எப்போ கப்பல் ஏறுறீங்க?" என்றேன். மூன்று வயதாகும் மகளை அவர் இன்னும் பார்த்ததேயில்லை.

"காக்கா டிக்கெட்டுக்குப் பணம் அனுப்பணுமே."

காக்கா என்பது அண்ணன். தலைமைக் கடையை நடத்துகிறவர், அதுவும் கோலாலம்பூரில். இந்தக் கடையின் வசூல் மாதாமாதம் அவரிடம் போய்விடும்.

"சரி, சிங்கப்பூர் என்னதான் செய்யணும்?"

"குடுக்காம நிறுத்தி வச்சுட்டுப் பேசணும் லா!"

"நீங்களும் இந்த மாசம் அப்படிச் செய்யலாமே?"

பத்திரிகையை மடித்து வைத்தார். "அது அரசாங்கம், டீச்சர். இது காக்கா."

கேட்டிருக்கக் கூடாதோ என்று வீடு வரும்வரை யோசித்தேன். நீங்களாக இருந்தால் கேட்டிருப்பீர்களா?