தொடக்கூடாத வளையம்

எங்கள் வீட்டுப் புரொஜெக்டரின் மூக்கில் ஒரு கறுப்பு வளையம் உண்டு. அதைத் திருப்பினால் படம் தெளியும். அதைத் தொட்டால் அப்பா கையை உடைப்பார். ஒன்பது வயதில் இரண்டுமே எனக்கு அத்துப்படி. தொட்ட அண்ணனுக்குக் கன்னம் இரண்டு நாள் வீங்கியிருந்தது. அதற்கப்புறம் அவன் அப்பாவோடு படம் காட்டப் போகமாட்டேன் என்று சொல்லிவிட, அந்த வேலை என் தலையில் விழுந்தது.

அந்தப் பழைய மெஷினை வைத்துக்கொண்டு காஞ்சிபுரத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் கோயில் விழா, சர்ச் விழா என்று அப்பா படம் காட்டிவந்தார். அந்த வருஷம் மெஷினுக்கு என்ன கேடோ, படம் மங்க ஆரம்பித்தது. ஆடித் திருவிழாவில் ஓர் ஊரில் ஜனங்கள் கூச்சல் போட்டுப் பாதியிலேயே நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். அதற்கப்புறம் யாரும் கூப்பிடவில்லை. கிறிஸ்துமசுக்கு முசரவாக்கத்து சர்ச்சில் மட்டும், அம்மாவின் உறவுக்காரர்கள் இருந்ததால் சரி என்றார்கள். இதுவும் சொதப்பினால் மெஷினைக் காயலான் கடையில் போட்டுவிட்டு ஸ்ரீபெரும்புதூரில் கம்பெனி வேலைக்குப் பஸ் ஏறப்போவதாக அப்பா சொல்லியிருந்தார். சொன்ன அன்று அவர் சாப்பிடவில்லை.

ஒரு வாரம் வீட்டுச் சுவரில் எழுத்துகளை விழவைத்து மெஷினுக்கு வைத்தியம் நடந்தது. லென்ஸைத் துடைத்தார். மெஷின் கோணலாக இருந்தால் ஒரு பக்கம் மங்கும் என்று அடியில் அட்டை வைத்தார். சூடேறியதும் மாறுகிறதா என்று கால் மணி நேரம் காத்திருந்து பார்த்தார். கடைசியில், வளையம் லொடலொடவென்று ஆடுவதைக் கண்டுபிடித்து, சித்தப்பாவின் தறியிலிருந்து பட்டு நூல் நாலு இழை வாங்கிவந்து அதன் திருகு மரையில் சுற்றி இறுக்கினார். எங்கள் ஊரில் எது ஆடினாலும் பட்டு நூல்தான் மருந்து. ஆட்டம் நின்றது.

எழுத்துகள் பளிச்சென்று தெரிந்தன. அப்பாவோ கண்ணைச் சுருக்கிக்கொண்டு மறுபடியும் திருப்பினார்.

"இன்னும் மங்கலாத்தான் இருக்குது."

நன்றாகத்தானே இருந்தது? அப்பாவுக்கு மட்டும் வேறு படம் காட்டுகிற ஏதோ ஒன்று மெஷினுக்குள் புகுந்துவிட்டது என்று முடிவுசெய்தேன். அன்றிலிருந்து மெஷின் இருந்த அறைக்குள் தனியாகப் போகமாட்டேன். அம்மாவிடம் சொன்னபோது அவள் அடுப்பைப் பார்த்தபடியே, "அதெல்லாம் வெளிய பேசிக்கினு இருக்காத" என்றாள். அவள் குரல் நடுங்கியதில் என் பயம் இரண்டு மடங்கானது.

விழா அன்று சர்ச் வாசலில் வெள்ளைத் துணி கட்டியிருந்தார்கள். பிள்ளைகளுக்கான சிரிப்புப் படம். அப்பா வளையத்தை இப்படியும் அப்படியும் திருப்பி ஓரிடத்தில் விட்டார். துணியில் முகங்கள் கரைத்த மாவுபோல் வழிந்தன. பின்னாலிருந்து விசில் கிளம்பியது. மறுபடி திருப்பினார், இன்னும் மோசமானது. ஜனங்கள் எழுந்திருக்க ஆரம்பித்தார்கள். அப்பாவின் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது.

எங்கிருந்துதான் அந்தத் துணிச்சல் வந்ததோ, அவர் ஒயரைப் பார்க்கக் குனிந்த நேரம் கையை நீட்டிவிட்டேன். பட்டு இழை இறுக்கியிருந்ததில் வளையம் லேசில் அசையவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு திருப்பினேன். முகங்கள் தெளிந்தன. எழுந்தவர்கள் உட்கார்ந்தார்கள். அப்பா நிமிர்ந்து, வளையத்தின் மேல் இருந்த என் கையைப் பார்த்தார். தொலைந்தேன் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

அடி விழவில்லை. என் கைமேல் அவர் கை வந்து உட்கார்ந்தது, ஈரமாக, சில்லென்று.

"இப்ப எல்லாருக்கும் தெரியுதாம்மா?"

தெரியுது என்றேன். உனக்கும் நல்லாத் தெரியுதா என்று கேட்டார். தலையாட்டினேன்.

"அப்ப நீயே புடிச்சிக்கோ."

படம் முடியும்வரை நான் வளையத்தை விடவில்லை. அப்பா பக்கத்தில் நாற்காலி போட்டுத் திரையைப் பார்த்தபடி இருந்தார். சர்க்கரை நோய் அவர் பார்வையைத் தின்றுகொண்டிருந்தது என்பதும், மெஷினில் கோளாறே இல்லை என்று அவருக்கு உறைத்தது அந்த நிமிஷம்தான் என்பதும் பல வருஷம் கழித்து அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அன்று ஜனங்கள் சிரித்தபோதெல்லாம் அவரும் சிரித்தார், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தாமதமாக. அடி தப்பிய சந்தோஷத்தில், அவர் சிரிக்கும்போதெல்லாம் நானும் இன்னொரு முறை சிரித்தேன்.