சிவகாமி டீச்சர் தந்த கம்பளிச் சட்டை

“அம்மா போயிட்டாங்க டீச்சர்” என்று சிவகாமி டீச்சரின் மகள் யாழ்ப்பாணத்துக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னாள். நான் ஆறுதல் சொல்ல வாயெடுப்பதற்குள் அவளே கேட்டாள்: “அம்மா செஞ்சு குடுத்த கம்பளிச் சட்டை இன்னும் வச்சிருக்கீங்களா? குளிருக்கு நீங்க அதைத்தான் போடுவீங்கன்னு எல்லார்கிட்டயும் சொல்லுவாங்க.”

“ஓம் பிள்ளை, இருக்கு” என்றேன். இருப்பது உண்மை. நான் அதைப் போட்டது ஐந்தே நாட்கள்.

மலையகத்தில், வட்டகொடைக்கு மேலேயுள்ள தேயிலைத் தோட்டப் பாடசாலையில் எங்களோடு படிப்பித்தவர்களுக்குச் சிவகாமி டீச்சரைத் தெரியும். அந்தத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, அங்கேயே ஆசிரியையானவர். தொண்ணூறுகளில் நான் மாற்றலாகி வந்து குளிரில் நடுங்கியதைப் பார்த்து, “யாழ்ப்பாணத்து வெயிலைக் கொஞ்சம் பையில கட்டிக்கிட்டு வந்திருக்கலாமே டீச்சர்” என்று கேலி செய்தார். அந்த ஞாயிறே வீட்டுக்கு அழைத்தார்.

நடுவில் நைந்துபோன பழைய கம்பளி ஒன்றைப் பிய்த்து, சீப்பால் வாரிப் பஞ்சாக்கி, சாக்கின்மேல் குறுக்கும் நெடுக்குமாகப் பரப்பினார். சுடுநீரும் சவர்க்காரமும் விட்டுச் சுருட்டி, இருவரும் கை ஓயும்வரை உருட்டினோம். நெய்யாமலே அது துணியாக இறுகியது. என் அளவுக்குப் பரப்பினால் போதாதா என்று முதலில் கேட்டிருந்தேன். “சுருங்கும் டீச்சர். பெருசாப் போட்டாத்தான் உங்களுக்கு வரும்” என்று சிரித்தார். காய்ந்ததும் கழுத்துக்கு ஓர் ஓட்டை, பக்கத்துக்கொரு தையல். கையில்லாத சட்டை தயார்.

யாருடைய கம்பளி என்று ஐந்தாம் நாள்தான் கேட்டேன்.

“எங்க அம்மாவோடதுங்க. கொழுந்து பறிக்கப் போறப்போ போட்டது. முதுகுல கூடை உரசி உரசித்தான் நடுவுல நைஞ்சு போச்சு” என்றார் பெருமையாக.

எனக்கு உடம்பு கூசியது. தோட்டத்து மக்களை இழிவாகக் குறிக்க எங்கள் பக்கத்தில் ஒரு சொல் உண்டு. அதை இங்கே எழுதக் கை வரவில்லை. அன்று மனதுக்குள் தாராளமாகச் சொன்னேன். மாலையே சட்டையைக் கழற்றிக் குளியலறை வாசலில் கால்மிதியாகப் போட்டேன்.

சில வாரங்களில் எனக்குக் காய்ச்சல். சிவகாமி டீச்சர் மல்லித் தண்ணீர் கொண்டுவந்தார். கை கழுவப் போனவர் குளியலறை வாசலில் நின்றார். கீழே பார்த்தார். பிறகு சேலையைச் சற்றுத் தூக்கி, அதன்மேல் கால் படாமல் அகலமாக ஓர் எட்டு வைத்துத் தாண்டினார். திரும்பும்போதும் அப்படியே. “ஆறிடும், குடிங்க டீச்சர்” என்றார்.

அவர் போனதும் அதைத் துவைத்துப் பெட்டியில் வைத்தேன். அதன்பின் ஆறு ஆண்டுகள் ஒரே மேசையில் இருந்து கொப்பி திருத்தினோம். மன்னிப்புக் கேட்க எத்தனை இடைவேளைகள்! கேட்கவில்லை. அவரோ ஊரெல்லாம் என் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறார். நினைக்க நினைக்க வெட்கமாக இருக்கிறது.

நேற்று இந்த வெயிலில் அதைப் போட்டுப் பார்த்தேன். இப்போதும் அளவாகத்தான் இருக்கிறது. மகளுக்கே அனுப்பப் போகிறேன். அது அவளுடைய அம்மம்மாவின் கம்பளி. நான் செய்ததையும் எழுதி உள்ளே வைப்பேன். எனக்கென்று மிஞ்சப்போவது, தன் தாயை மிதிக்காமல் என் வாசலில் அவர் வைத்த அந்த இரண்டு எட்டுகள்.