எண்ணெய்ச் சட்டி ஏறாத தீபாவளி

திருவையாற்றில் எங்கள் வீட்டு மாடியில் ஒரு பெண் குடியிருந்தார். ஒல்லியான உடம்பு, சாயம் பூசாத நரை. யார் பேசினாலும் கைவேலையை நிறுத்தாமல்தான் பதில் சொல்வார்.

அன்று தீபாவளி. தெருவெல்லாம் பலகார வாசனை. மாடியில் மட்டும் எண்ணெய்ச் சட்டி ஏறவில்லை. துக்கமோ என்று அம்மா தட்டில் அதிரசம் எடுத்துக்கொண்டு மேலே போனார். நானும் கூடப் போனேன். அந்தப் பெண் சோயாப் பாலைத் திரித்துச் செய்த டோஃபுவைத் துணியில் சுற்றி, மேலே அம்மிக்குழவியை வைத்துத் தண்ணீரை வடித்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, யாராச்சும் தவறிட்டாங்களா?"

"இல்லீங்கம்மா."

"பின்ன நல்ல நாளும் அதுவுமா சட்டி வைக்காம இருக்கலாமா? சாவு வீட்லதான் வைக்க மாட்டாங்க."

"இங்க சாவு விழக் கூடாதுன்னுதாங்க வைக்கல. எனக்கு நெஞ்சுவலி ஒரு தடவ வந்துட்டுப் போயிடுச்சு. திரும்ப வான்னு நான் கூப்பிட மாட்டேன்."

டோஃபுத் துண்டுகளைப் புளி, மிளகு, பூண்டு அரைத்த விழுதில் புரட்டி, வெறும் தோசைக்கல்லில் அடுக்கினார். அடி சிவந்து தானாகக் கல்லை விடும்வரை அவர் தொடவே இல்லை.

"சாப்பிட்டுட்டுத் திட்டுங்க" என்று அம்மாவிடம் நீட்டினார்.

அம்மா ஒன்று தின்றார். கேட்காமலே இன்னொன்றும் எடுத்தார்.

அதிரசத் தட்டு அப்படியே எங்களோடு கீழே திரும்பியது. "திமிர் பிடிச்சவ" என்றார் அம்மா, விரலில் ஒட்டியிருந்த விழுதை நக்கிக்கொண்டே.