சாவகச்சேரிச் சிலந்தியின் பெயர்

பேராதனையில் சிலந்திகளை ஆராய்ந்துகொண்டிருந்த கனகசபாபதியின் கடிதம் மார்கிரட்டிடம் வந்துசேர ஏழு வாரமாயிற்று. மார்கிரட் யாழ்ப்பாணத்துக் குருநகர்ப் பெண். தொண்ணூறில் நடந்த கோட்டைச் சண்டையில் வீட்டைவிட்டுத் தாய் லூர்த்தம்மாவோடு கொக்குவிலுக்கு வந்து, ஒரு பாடசாலை ஆய்வுகூடத்தில் வேலை பார்த்தாள்.

நூறு வருடத்துக்கு முன் சாவகச்சேரியில் பிடிபட்ட ஒரு சிலந்திக்கு வெள்ளைக்காரர் ஒருவர் பெயர் வைத்திருந்தார். பெயருக்கு ஆதாரமாக வைத்திருந்த அந்தச் சிலந்தி, அதாவது மூல மாதிரி, ஐரோப்பிய யுத்தத்தில் எரிந்துபோக, மிஞ்சியது ஆறு வரி விவரணம். பிறகு இந்தியாவில் பிடித்த ஒன்றுக்கு இன்னொருவர் வேறு பெயர் வைத்தார். இரண்டும் ஒன்றா, வேறா? அதே ஊரில் முதிர்ந்த பெண் சிலந்தி கிடைத்தால்தான் சொல்லலாம் என்று எழுதியிருந்தார் கனகசபாபதி.

மூன்று சனிக்கிழமை சைக்கிளில் போய்த் தேடியதில், பனைமட்டை இடுக்கில் ஒன்று அகப்பட்டது. பெண்தான், ஆனால் முதிராதது. இன்னுமொரு முறை தோல் கழற்றினால்தான் வயிற்றின் அடியில் அடையாளம் தெரியும். போத்தலில் விட்டு ஈ பிடித்துப் போட்டாள். எட்டு நாள் கழித்து, ஞாயிறு காலை, அது தின்னாமல் தலைகீழாகத் தொங்கியது. சாகிறதா, தோல் கழற்றப் போகிறதா, தெரியவில்லை.

அந்நேரம் பார்த்துக் குண்டு போடும் பொம்மர் விமானம் வந்தது.

“பிள்ளை, உந்தப் போத்தலை வைச்சிட்டு ஓடி வா!” முற்றத்தில் வெட்டிய பங்கர்க் குழிக்குள்ளிருந்து லூர்த்தம்மா கத்தினாள்.

“ஆட்டினால் செத்துப்போம் அம்மா. மெல்ல வாறன்.”

“நீ செத்தால்?”

போத்தலை நெஞ்சோடு அணைத்து, அடிமேல் அடி வைத்து இறங்கினாள். எங்கோ குண்டு விழுந்தது. மேலேயிருந்து மண் கொட்டியது. லூர்த்தம்மா செபமாலையை இறுக்கிப் பிடித்தாள். வாசல் வெளிச்சத்தில் மார்கிரட் பார்த்தாள்: சிலந்தியின் தோல் வெடித்து, கால்கள் மெல்ல மெல்ல வெளியே வந்துகொண்டிருந்தன.

“உயிரோடை இருக்கோ?” என்று தாயே கேட்டாள்.

“ஓம்.”

உடம்பு இறுகியதும் அதை ஸ்பிரிட்டில் இட்டு, கொழும்புக்குப் புறப்பட்ட அயல்வீட்டுத் தேவராசா அண்ணையிடம் கொடுத்துவிட்டாள். கொழும்புக்குப் போகிறவர்கள் இரவில் கடக்கும் கிளாலிக் கடலேரியில் வள்ளங்களுக்குக் கடற்படையின் சூடு விழுந்ததாகக் கேள்விப்பட்ட நாளெல்லாம் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அண்ணையை நினைத்தா, போத்தலை நினைத்தா என்று தன்னையே கேட்டு வெட்கப்பட்டாள்.

ஆவணியில் கனகசபாபதியின் பதில் வந்தது. இரண்டும் ஒரே இனம். பழைய பெயரே நிலைக்கும். எரிந்ததற்குப் பதிலாக அவள் அனுப்பியதையே மூல மாதிரியாக நியமிக்கப்போகிறார். லூர்த்தம்மா கேட்டது ஒன்றுதான்: “தேவராசா எப்ப வாறானாம்?”

கடிதத்தில் அதைப்பற்றி ஒரு வரியும் இல்லை.

பத்து நாள் கழித்து, தாடி வளர்ந்து, இருமிக்கொண்டு தேவராசா அண்ணை வந்துசேர்ந்தார். அன்று பின்னேரந்தான் மார்கிரட் கடிதத்தை மறுபடி எடுத்து, ஆறுதலாக இருந்து வாசித்தாள்.