கூம்புச் சங்கு

வெள்ளைக்காரன் ஆட்சியின் கடைசிக் காலத்தில், கொழும்பில் ஒரு பெண்கள் கல்லூரியில் நான் உயிரியல் படிப்பித்தேன். போத்தலில் ஊறிக் கிடக்கும் நட்சத்திர மீனைக் காட்டிப் பாடம் நடத்துவது எனக்கு அறவே பிடிக்காது. உயிரோடு பார்க்காதவளுக்கு உயிரியல் எதற்கு? கடல் வற்றும் வேளை பார்த்து மாணவிகளை வெள்ளவத்தைக்குக் கூட்டிப் போவேன். ரயில் பாதையைத் தாண்டினால் பாறைகள். அவற்றின் குழிகளில் நண்டும் கடல் அட்டையும் கிடக்கும்.

"குமர்ப்பிள்ளையளுக்குக் கடலில என்ன வேலை, டீச்சர்?" என்று கொட்டாஞ்சேனை வியாபாரி ஒருவர் மகளை விட மறுத்தார். வீட்டுக்கே போய், "நான் பொறுப்பு" என்று சொல்லித்தான் அவளைக் கூட்டி வந்தேன்.

அன்று அவள் முழங்கால் தண்ணீரில் நின்று, "இதைப் பாருங்கோ, டீச்சர்" என்று கையை உயர்த்தினாள். பழுப்புக் கோலம் போட்ட கூம்புச் சங்கு; உயிருள்ளது. அதன் ஒடுங்கிய முனையிலிருந்து ஊசி போல ஒரு நஞ்சுப் பல் வெளிவரும். குத்தினால் கை மரத்து விறைக்கும். விறைப்பு நெஞ்சுக்கு ஏறினால் மூச்சு நின்றுவிடும். மருந்து கிடையாது.

"கீழ போடு, பிள்ளை."

அவள் சிரித்தபடி இன்னும் இறுக்கிப் பிடித்தாள். கையில் எடுத்த உயிரினத்தைத் தவற விடுகிறவளை நான் ஏசுவது வழக்கம். இப்போதும் சோதிக்கிறேன் என்று நினைத்துவிட்டாள். விளக்க நேரமில்லை. பாய்ந்து போய் அவள் கையில் ஓங்கி அடித்தேன். சங்கு தண்ணீரில் விழுந்தது.

அவளுடைய பெருவிரலில் ஒரு சிவப்புப் புள்ளி இருந்தது.

"இது எப்ப வந்தது?"

"தெரியேல்லை, டீச்சர். கல்லுக் கீறினதாயிருக்கும்."

கல்லா, சங்கா? மற்றொருத்தியைப் பெருந்தெருவான காலி வீதிக்குக் கார் பிடிக்க அனுப்பினேன். இவளை மணலில் இருத்தி, மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். அவள் அப்பாவின் முகம் கண்முன் வந்து வந்து போனது. இந்தப் பாழாய்ப்போன கடலும் வேண்டாம், உயிரியலும் வேண்டாம் என்று மனம் கிடந்து அடித்துக்கொண்டது.

"விறைக்குதோ?"

"இல்லை."

"இப்ப?"

"இல்லை, டீச்சர்."

கார் வருகிற மாதிரித் தெரியவில்லை. நான் கேட்பதை நிறுத்தவும் இல்லை. ஒரு தடவை அவள் தயங்கினாள். "ஓம், டீச்சர். விறைக்குது."

பிடியை இன்னும் இறுக்கினேன்.

"நீங்கள் பிடிச்சிருக்கிற பிடியிலதான்," என்றாள் மெதுவாக. "கொஞ்சம் விடுங்கோ."

விட்டேன். மணிக்கட்டில் என் ஐந்து விரலும் பதிந்திருந்தன. அவள் கையை மடக்கி, நீட்டி, மறுபடி மடக்கிக் காட்டினாள். மற்றப் பிள்ளைகள் சுற்றி நிற்க, நான் வாய்விட்டு அழுதேன்.