இணையம் இல்லாத அறை

பொம்மசந்திராவில் இருந்த அந்தத் தொழிற்சாலையில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு நாற்பத்தாறு வயது. அதற்கு முன் வெளிவட்டச் சாலையில் ஒரு பெரிய நிறுவனத்தில் பல வருடம் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு திங்கட்கிழமை காலை எங்கள் குழுவே இனித் தேவையில்லை என்று அனுப்பிவிட்டார்கள். பிறகு வரிசையாக நேர்காணல்கள். என் வயதில் பாதி இருப்பவர்கள் கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்து கேள்வி கேட்டார்கள். மறுபடி கூப்பிடுகிறோம் என்றார்கள், கூப்பிடவில்லை. கடைசியில் இந்த ஒப்பந்த வேலை கிடைத்தது. தொழிற்சாலைக்குள்ளேயே உட்கார்ந்து, அங்கே ஓடும் சோதனை இயந்திரங்கள் தருகிற எண்களைச் சேர்த்து வைக்கும் மென்பொருளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். வேண்டாம் என்று சொல்லும் நிலையில் நான் இல்லை.

முதல் நாள் கேட்டிலேயே செல்போனை வாங்கிப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்கள். எங்கள் அறையில் கணினி இருந்தது, இணையம் இல்லை. வாடிக்கையாளர்களின் வரைபடங்கள் வெளியே போய்விடக் கூடாது என்பதால் அந்தக் கட்டடம் முழுக்கவே அப்படித்தான்.

இருபது வருடம் இந்தத் தொழிலில் இருந்தவனுக்கு இணையம் இல்லாவிட்டால் என்ன என்று யாரும் நினைக்கலாம். நான் எதையும் நினைவில் வைத்துக்கொண்டதே இல்லை. ஒரு பட்டியலைத் தலைகீழாக வரிசைப்படுத்த வேண்டுமென்றாலும் தேடிப் பார்த்துத்தான் எழுதுவேன். கடைசி இரண்டு வருடமாக அந்தத் தேடலும் போய்விட்டது. ஏஐயிடம் கேட்டால் முழுவதையும் அதுவே எழுதிக் கொடுத்தது. நான் மேலோட்டமாகப் பார்த்து, சரி என்று சொல்கிற ஆளாகியிருந்தேன். அந்த அறையில் முதல் வாரம் வெறும் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது இப்போதும் ஞாபகம் இருக்கிறது. கை தானாகத் தேடல் பக்கத்தைத் திறக்கும். இணைப்பு இல்லை என்று வரும். மூடுவேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி திறப்பேன்.

அறையில் என்னைத் தவிர இருந்தது ஒரே ஒரு பெண்தான். என்னைவிடப் பத்து வயது இளையவர், அவரும் ஒப்பந்த ஊழியர், எனக்கு முன்பே வந்தவர். ஒக்கலிபுரத்தில் மூன்று தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பம். வீட்டில் தமிழ், வெளியே கன்னடம், இரண்டும் ஒரே மூச்சில் வரும். மெஜஸ்டிக்கில் மெட்ரோ ஏறி, ஆர்.வி. ரோட்டில் மாறி, அங்கே கூட்டத்தில் காத்திருந்து, பொம்மசந்திராவில் இறங்கி நடந்து வந்து சேர்வார். வந்ததும் கைப்பையை மேஜையில் வைத்து அதன் மேலேயே தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொள்வார். அப்புறம்தான் கணினியைத் திறப்பார்.

என் தவிப்பைச் சில நாள் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஒருநாள் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு பக்கத்தில் வந்தார்.

"நெட்டு தேடறீங்களா சார்? இங்க சிக்காது. டெர்மினல் தெறங்க. பைடாக்னு அடிச்சு, ஸ்பேஸ் விட்டு, எது வேணுமோ அது பேர அடிங்க."

அடித்தேன். கறுப்புத் திரையில் மளமளவென்று எழுத்து வந்து நின்றது. நாங்கள் எழுதிக்கொண்டிருந்தது பைத்தான் என்ற கணினி மொழியில். அந்த மொழியை நிறுவும்போதே அதன் விளக்கங்களும் கணினிக்குள் வந்துவிடுகின்றன. இந்தக் கட்டளை அவற்றை எடுத்துக் காட்டுகிறது. அப்படி ஒன்று இருப்பது எனக்குத் தெரியும். யாராவது எப்போதாவது பயன்படுத்துவார்களாக இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

"சாய்கோடு போட்டு உள்ள தேடலாம். வெளிய வர க்யூ. அஷ்டே," என்றார். அவ்வளவுதான் என்பதை எப்போதும் கன்னடத்தில்தான் சொல்வார்.

அது சுலபமான படிப்பு இல்லை. ஒவ்வொரு சொல்லும் அளந்து போட்ட, வறண்ட ஆங்கிலம். உதாரணங்கள் அபூர்வம். நான் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லாது. அந்தப் பொருளைப் பற்றிய எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, உனக்கு வேண்டியதை நீயே பொறுக்கிக்கொள் என்று நிற்கும். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அதைப் படித்தால் வரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். கண்ணாடி மாற்ற வேண்டும் என்று தினமும் நினைத்துக்கொள்வேன். ஆனாலும் வேறு வழி இல்லாததால் படித்தேன். சில மாதங்களில் படிக்கப் பழகியும் போனேன். இதனால் எனக்கு மகிழ்ச்சி வந்தது என்று சொல்ல மாட்டேன். வேலை நடந்தது.

மழைக்காலம் முடிகிற சமயம் வேறொரு பெண் எங்கள் அறைக்கு வந்தார். கீழ்த்தளத்தில் வால்வுகளைச் சோதிக்கும் பெஞ்சில் வேலை செய்பவர். கிருஷ்ணகிரிப் பக்கத்து ஊர், சந்தாபுராவில் இன்னும் சில பெண்களோடு அறை எடுத்துத் தங்கியிருந்தார். வால்வுக்குள் காற்றை அடைத்து, அழுத்தம் இறங்குகிறதா என்று பார்ப்பது அவர் வேலை. அவர் தன் பாஸ்வேர்டைப் போட்டு ஓட்டினால், இயந்திரம் எடுக்கும் அளவும் நேரமும் எங்கள் மென்பொருளுக்குள் வந்து, அவர் பெயரில் பதிவாகும்.

நீல நிற யூனிஃபார்மோடு வாசலிலேயே நின்றார்.

"இந்த ரிப்போர்ட்டு எல்லாம் எடுக்கறது நீங்கதானா சார்?"

ஆமாம் என்றேன்.

"நான் மத்தியானத்துக்கு அப்புறம் வேலையே செய்யறதில்லன்னு வருதாம். விடிகாலைல ஒரு மணிக்கு, ரெண்டு மணிக்கு என் பேர்ல யாரோ நம்பர் போடறாங்களாம். நைட்டு செக்யூரிட்டிகிட்ட பாஸ்வேர்டு குடுத்து போடச் சொல்றேன்னு சூப்பர்வைசர் சொல்றாரு. மெமோ குடுத்துட்டாங்க. இப்ப பேக்கிங்ல போட்டிருக்காங்க."

அவர் அழவில்லை. பலரிடம் ஏற்கெனவே சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன குரலில் சொன்னார்.

"நான் அந்த மாதிரி பண்ணல சார். அஞ்சரைக்குக் கம்பெனி பஸ்ஸு ஏறினா ரூமுக்குப் போய் சமைச்சு, படுக்கத்தான் நேரம் இருக்கு. நீங்க கொஞ்சம் பாருங்க."

பார்க்கிறேன் என்றேன். அவர் போனதும் பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்த்தேன். என் சக ஊழியர் ஏற்கெனவே அந்தப் பெஞ்சின் பதிவுகளைத் திறந்திருந்தார்.

நிஜமாகவே அப்படித்தான் இருந்தது. காலை எட்டரையிலிருந்து பன்னிரண்டே முக்கால் வரை ஒழுங்கான பதிவுகள். அதன் பிறகு ஒன்றுமில்லை. அதே தேதியில் விடிகாலை ஒரு மணிக்குத் தொடங்கி ஐந்து மணி வரை வரிசையாகப் பதிவுகள். இப்போது எழுதும்போது விஷயம் பளிச்சென்று தெரிகிறது. அறிக்கையில் அது அப்படித் தெரியவில்லை. விடிகாலைப் பதிவுகள் முதல் பக்கத்திலும், வெறுமையான பிற்பகல் வேறொரு பக்கத்திலும் இருந்தன. அதோடு, போன வருடம் வேறொரு பிரிவில் ஒருவர் இதே மாதிரி பொய்ப் பதிவு போட்டு மாட்டியிருக்கிறார். சூப்பர்வைசருக்கு அதுவே மனதில் இருந்தது.

"அந்தப் பெஞ்சுக்குத்தான் புது மெஷின் போட்டாங்க," என்றார் சக ஊழியர். "பழசு எல்லாம் இருபத்திநாலு மணி கணக்குல டைம் குடுக்கும். இது பன்னண்டு மணி கணக்கு. ஏஎம், பிஎம்னு பக்கத்துல போடும். அதுக்குத் தனியா எழுதினது நான்தான்."

அவர் எழுதிய வரியைக் காட்டினார். நேரம் எந்த வடிவத்தில் வருகிறது என்பதைச் சில ஆங்கில எழுத்துக்களால் சொல்லும் வரி. மணிக்குப் பெரிய எச், ஏஎம் பிஎம் என்பதற்குச் சின்ன பி.

"பிஎம் படிக்கச் சொல்லியிருக்கேனே சார். இதோ இருக்கு பி."

எனக்கும் சரியாகத்தான் பட்டது. இருவரும் கொஞ்ச நேரம் அந்த ஒரு வரியையே பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு நான் கறுப்புத் திரையைத் திறந்து, நேரத்தைப் படிக்கும் அந்தச் செயலின் பெயரைக் கட்டளையோடு சேர்த்து அடித்தேன். விளக்கத்தின் பாதியில் அந்த எழுத்துக்களின் அட்டவணை இருந்தது. மெதுவாகக் கீழே இறங்கினேன். பெரிய எச் என்றால் மணி, இருபத்திநாலு மணிக் கணக்கில். பெரிய ஐ என்றாலும் மணிதான், ஆனால் பன்னிரண்டு மணிக் கணக்கில்.

நான் வாய் திறப்பதற்குள் அவர் என் தோளுக்குப் பின்னாலிருந்து அதைப் படித்துவிட்டார்.

ஒரு சின்னச் சோதனை எழுதிப் பார்த்தோம். ஒன்று இருபது பிஎம் என்று கொடுத்தால், எச் போட்டபோது ஒரு மணி என்றது. பிஎம் என்பதைப் படித்துவிட்டு, எந்தப் புகாரும் சொல்லாமல் ஒதுக்கிவிட்டது. ஐ போட்டதும் பதின்மூன்று என்றது. இயந்திரம் வந்த அன்று அவர் சரிபார்த்தது காலை நேரத்தில். காலையில் இரண்டுமே ஒரே பதிலைத்தான் தரும்.

அவர் போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்தார். கைப்பையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"ஒரு எழுத்துண்ணா," என்றார். அதுவரை என்னை சார் என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். "அந்தப் பொண்ணு மெமோ வாங்கியிருக்கு."

"இயந்திரம் எழுதின ஃபைல் எல்லாம் அப்படியே இருக்கு. திருப்பி ஓட்டினா எல்லாம் சரியாயிடும்," என்றேன்.

"ரிப்போர்ட்டு சரியாயிடும்," என்றார்.

மேலாளரிடம் இருவருமே போனோம். கன்னடக்காரர், கெட்ட மனிதர் இல்லை, மேஜை நிறைய வேலையோடு இருப்பவர். "ஆ ஹுடுகி ஏனூ தப்பு மாடில்ல சார்," என்று இவர் ஆரம்பித்தார். அந்தப் பெண் மேல் ஒரு தப்பும் இல்லை, தப்பு என் புரோகிராமில் என்று நடந்ததை விளக்கினார். மேலாளர் முழுவதையும் கேட்டார். எங்களிடம் அவருக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்:

"சரி பண்ணிட்டீங்க அல்லவா? ஆயித்து. புது மெஷின்ல ப்ராப்ளம்னு நான் மேல சொல்லிக்கறேன். நீங்க எழுதி கிழுதி எல்லாம் குடுக்க வேண்டாம். பிட்பிடி, விட்டுடுங்க."

"அப்ப மெமோ, சார்?"

"அது பார்க்கலாம் மேடம். எச்.ஆர். விஷயம் அது."

அறைக்கு வந்ததும் அவர் கட்டடத்துக்குள் மட்டும் ஓடும் உள் அஞ்சலைத் திறந்து எழுத ஆரம்பித்தார். நான் சோதனைப் பதிவுகளைத் திருப்பி ஓட்டிக்கொண்டிருந்தேன். எழுதி முடித்ததும் படிக்கச் சொன்னார். சுற்றி வளைக்காமல் எழுதியிருந்தார். புது இயந்திரத்தின் நேரத்தைத் தான் தவறாகப் படிக்கும்படி எழுதியது, அதனால் பிற்பகல் பதிவுகள் விடிகாலைப் பதிவுகளாக விழுந்தது, அந்த ஊழியர் எல்லாச் சோதனைகளையும் தன் வேலை நேரத்திலேயே செய்திருப்பது. மேலாளர், சூப்பர்வைசர், எச்.ஆர். மூன்று பேருக்கும் முகவரி இட்டிருந்தார்.

"உங்க கான்ட்ராக்ட் முடியற நேரம். யோசிச்சு அனுப்புங்கம்மா," என்றேன்.

"யோசிச்சா அனுப்ப மாட்டேன் அண்ணா."

பதிவுகளைச் சரிபார்த்தது நான் என்று கீழே ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். சேர்த்தார். அனுப்பினார். பிறகு இரண்டு பேரும் கேண்டீனுக்குப் போய்க் காபி குடித்தோம்.

மெமோவைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். சூப்பர்வைசர் வருத்தம் ஏதும் தெரிவித்ததாகத் தெரியவில்லை. சில நாள் கழித்துக் கேண்டீன் வரிசையில் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். பழைய பெஞ்சுக்குப் போய்விட்டீர்களா என்று கேட்டேன்.

"வரச் சொன்னாங்க சார். நான்தான் பேக்கிங்லயே இருக்கேன்னுட்டேன். அங்க உக்காந்தா எல்லாரும் என்னையே பாக்கற மாதிரி இருக்கு." தட்டை மாற்றிப் பிடித்துக்கொண்டு, "அந்த மேடம் கீழ வந்து எங்கிட்ட சொன்னாங்க, அவங்க தப்புன்னு. யாரு சார் அப்படி வந்து சொல்றாங்க?" என்றார்.

அவர் கீழே போய்ச் சொன்னது எனக்குத் தெரியாது. என்னிடம் அவர் சொல்லவில்லை.

மாதக் கடைசியில் என் சக ஊழியரின் ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை. காரணம் எதுவும் சொல்லவில்லை. வேலை குறைந்துவிட்டது, ஒருவர் போதும் என்பதும் உண்மையாக இருக்கலாம். அவர் மேஜையைத் துடைத்து வைத்துவிட்டு, தன் நிரல்களில் எங்கெங்கே சிக்கல் வரும் என்று ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து எனக்குச் சொன்னார். கோபமாக இருக்கிறீர்களா என்று கேட்டேன்.

"கோபப்படறதுக்கும் தெம்பு வேணும் அண்ணா. ஒரு வாரம் தூங்கணும். அப்புறம் பாக்கலாம்."

பிறகு பீன்யாவில் ஒரு சின்னக் கம்பெனியில் அவருக்கு வேலை கிடைத்தது. மாறாமல் ஒரே ரயிலில் போய்விடலாம், உட்கார இடமும் கிடைக்கிறது என்று போனில் சொன்னார். அவர் குரலில் அதுவரை நான் கேட்டிராத ஒரு நிதானம் இருந்தது.

நான் அங்கேயே தொடர்ந்தேன். இரண்டு பேர் வேலை எனக்கு வந்தது. அவர் எழுதியதில் புரியாத இடம் வந்தால் கறுப்புத் திரையைத் திறப்பேன், பெயரை அடிப்பேன், படிப்பேன். கேட்க ஆள் இல்லாததால் முன்பைவிடக் கவனமாகப் படித்தேன். ஏற்கெனவே தெரியும் என்று நினைக்கிற எழுத்தையும் ஒரு முறை பார்த்துவிட்டே போடுவேன். வேலை மெதுவாகத்தான் நகரும். அவசரப்படுத்தினால், ஆகிறபோது ஆகும் என்று சொல்லுமளவுக்கு எனக்கு அலுத்துப் போயிருந்தது.

புது வருடத்தில் என் ஒப்பந்தத்தை இன்னும் ஒரு வருடத்துக்கு நீட்டித்தார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"நல்லதுதானே? ஏன் இப்படி நிக்கறீங்க?"

"நல்லதுதான்," என்றேன். சட்டையைக்கூட மாற்றாமல் சோபாவில் போய்ப் படுத்தேன். குக்கர் விசில் அடிப்பது தூரத்தில் கேட்டது. யாரோ ஃபேனைப் போட்டுவிட்டார்கள்.